21,000 மெகாவாட் இருந்தும் நிலக்கரி ஏன்?

சென்ற கல்வியாண்டில் இரண்டாம் ஆண்டு இயற்பியல் வகுப்பில் மின்காந்தத் தூண்டல் நடத்திக்கொண்டிருந்தேன். பாடம் முடியும் தறுவாயில் மாணவி ஒருத்தி எழுந்தாள். அவளுடைய வீடு ஓர் அனல் மின் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. மாடியில் உலர்த்தும் துணியில் சாம்பல் படிவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் அவள்.

"சார், நம் மாநிலக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 11,000 மெகாவாட்டுக்கு மேல். சூரிய மின் நிலையங்களின் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். இரண்டையும் கூட்டினால் 21,000. நம்முடைய மிக அதிக மின்தேவை 20,830 மெகாவாட் என்று செய்தித்தாளில் படித்தேன். அப்படியானால் எதற்காக இன்னும் நிலக்கரியை எரிக்கிறோம்?"

அவள் சொன்ன எண்களில் பிழை இல்லை. 20,830 மெகாவாட் என்பது 2024 மே 2 அன்று தமிழ்நாடு கண்ட உச்சத் தேவை. காற்று, சூரிய நிலையங்களின் திறன் 2025 மார்ச் மாத நிலவரம். கூட்டலும் சரியானதே. இருந்தும் விடை தவறிப்போகிறது. அது எங்கே தவறுகிறது என்று தேடினால், ஒரு மாநிலத்துக்கு ஏன் பல வகை மின் நிலையங்கள் வேண்டும் என்பதே விளங்கிவிடும். வாருங்கள், தேடுவோம்.

கம்பியில் மின்சாரம் தங்குவதில்லை

அரிசியை மூட்டை கட்டி வைக்கலாம். தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வைக்கலாம். மின்கம்பி அப்படிப்பட்ட தொட்டி அன்று. நீங்கள் மின்விசிறியின் பொத்தானை அழுத்தும் அதே நொடியில் எங்கோ ஒரு மின் நிலையம் அந்த அளவு மின்சாரத்தைக் கூடுதலாக ஆக்கித் தரவேண்டும்.

இதைக் கையால் உணர்ந்து பார்க்கலாம். ஆய்வுக்கூடத்தில் கையால் சுழற்றும் சிறிய டைனமோ ஒன்று இருக்கும். அதனுடன் விளக்கு எதையும் இணைக்காமல் சுழற்றுங்கள். கைப்பிடி எளிதாகச் சுழலும். ஒரு விளக்கை இணைத்தால் கைப்பிடி கனக்கும். இரண்டாவது விளக்கையும் இணைத்தால் இன்னும் கனக்கும். நீங்கள் விசையைக் கூட்டாவிட்டால் சுழற்சியின் வேகம் குறையும். லென்சின் விதியை விளக்க இதைவிட நல்ல சோதனை கிடையாது.

மின் நிலையத்தில் நடப்பதும் இதுவே. அங்கே கைக்குப் பதிலாக நீராவியோ நீரோ ஒரு சுழலியைச் சுற்றுகிறது. அச்சுழலி மின்னாக்கியைச் சுற்றுகிறது. அனல் மின் நிலையத்தின் மின்னாக்கி நிமிடத்துக்கு 3,000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை சுழல்கிறது. நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்பது இதனால்தான். நாட்டின் மின் தொகுப்பில் இணைந்துள்ள பெரிய மின்னாக்கிகள் யாவும் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. 2013 டிசம்பர் 31 முதல் தென்மாநிலத் தொகுப்பும் இந்தத் தாளத்தில் சேர்ந்துகொண்டது.

தேவை கூடி, உற்பத்தி கூடவில்லை என்றால் அத்தனை மின்னாக்கிகளும் சற்றே தளரும். அதிர்வெண் 50க்குக் கீழே இறங்கும். தேவை குறைந்தால் மேலே ஏறும். 49.90க்கும் 50.05க்கும் இடையே அதை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மாநிலப் பளு அனுப்பு மையத்தின் பொறியாளர்கள் இரவும் பகலும் கண்ணிமைக்காமல் பார்த்திருப்பது இந்த எண்ணைத்தான். அது மிகவும் இறங்கிவிட்டால் மின்னாக்கிகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தொகுப்பிலிருந்து விலகிவிடும். ஒன்று விலகினால் மற்றவற்றின் சுமை கூடும். பிறகு அவையும் விலகும். மாநிலமே இருளில் மூழ்க அதிக நேரம் ஆகாது.

ஆகவே "எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்?" என்று கேட்டால் போதாது. "எப்போது கிடைக்கும்?" என்றும் கேட்க வேண்டும்.

திறன் வேறு, ஆற்றல் வேறு

மெகாவாட் என்பது ஒரு நிலையத்தின் உச்ச வேகம். யூனிட் என்பது அது செய்து முடித்த வேலை. ஒரு பேருந்தால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட முடியும் என்பது ஒன்று. அது இன்று எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது வேறொன்று.

1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட். இதை ஜூல் கணக்கில் சொன்னால் 36 லட்சம் ஜூல். 210 மெகாவாட் அனல் அலகு ஒன்று 24 மணி நேரமும் முழுத் திறனில் ஓடினால் 50.4 லட்சம் யூனிட் தரும். அதே 210 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் ஒரு நாளில் ஏறத்தாழ 10 லட்சம் யூனிட்டே தரும். இரவில் கதிரவன் இல்லை. காலையிலும் மாலையிலும் கதிர்கள் சாய்ந்து விழுகின்றன. எனவே முழுத் திறனில் ஐந்தில் ஒரு பங்குதான் சராசரியாகக் கைக்கு வருகிறது.

காற்றாலைக்கு ஆண்டுச் சராசரியாக நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 11,000இல் நான்கில் ஒன்று 2,750. சூரிய மின்சாரம் 10,000இல் ஐந்தில் ஒன்று 2,000. மாணவி கூட்டிய 21,000 மெகாவாட், சராசரியாகப் பார்த்தால் 4,750 மெகாவாட்டாகச் சுருங்கிவிட்டது! தேவையின் பக்கம் பாருங்கள். 2024 ஏப்ரல் 30 அன்று மட்டும் தமிழ்நாடு 45 கோடி யூனிட்டுக்கு மேல் செலவழித்தது. சராசரியாக்கினால் அன்று பகலும் இரவும் ஏறத்தாழ 18,900 மெகாவாட் தேவைப்பட்டிருக்கிறது.

மீதியை யார் தருகிறார்கள்? ஒவ்வொருவராகப் பார்ப்போம். ஒவ்வொருவருக்கும் ஒரு குணம் உண்டு.

நீர்: கூப்பிட்டதும் வருவது

நீலகிரியில் பைக்காரா ஆற்று நீரைக் குழாய்கள் வழியே மலையடிவாரத்துச் சிங்காராவுக்கு இறக்கி, 1932இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினர். கோவையின் பஞ்சாலைகள் பெருகியதற்கு இந்த மின்சாரம் ஒரு முக்கியக் காரணம். நீர் விழும் உயரம் 900 மீட்டருக்கு மேல். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கன மீட்டர் நீரின் நிறை 1,000 கிலோ. அது 900 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் 1,000 × 9.8 × 900, அதாவது 88 லட்சம் ஜூல். இது ஏறத்தாழ இரண்டரை யூனிட். இழப்பு போக இரண்டு யூனிட்டாவது கிடைக்கும். அதே நீர் ஓர் அணையிலிருந்து 40 மீட்டர் மட்டும் இறங்கினால் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். மலைகளைத் தேடி நீர்மின் நிலையங்கள் போன காரணம் புரிகிறதல்லவா?

கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா நாட்டின் உதவியுடன் 1960களில் வளர்ந்த குந்தா நிலையங்களில் இன்னொரு சிக்கனத்தைக் காணலாம். அவலாஞ்சி, எமரால்டு அணைகளின் நீர் ஒரு நிலையத்தில் சுழலியைச் சுற்றிவிட்டு, கீழே கெத்தையில் மீண்டும் சுற்றி, பரளியில் மறுபடியும் சுற்றி, பில்லூரையும் கடந்து பவானியில் சேர்கிறது. ஒரே நீருக்குப் பல வேலைகள்!

நீர்மின் நிலையத்தின் பெரும் சிறப்பு அதன் சுறுசுறுப்பு. அடைப்பைத் திறந்தால் சில நிமிடங்களில் முழுத் திறனை எட்டிவிடும், மூடினால் நின்றுவிடும். ஆனால் நம்மிடம் உள்ள நீர்மின் திறன் சுமார் 2,300 மெகாவாட் மட்டுமே. மழை பொய்த்தால் அதுவும் குறையும். மேட்டூர் போன்ற இடங்களில் பாசனத்துக்கு நீர் திறக்கும்போதுதான் மின்சாரமும் வரும். அங்கே எசமான் உழவர், மின்சாரம் உபரி.

நெருப்பு: நின்று உழைப்பது

தமிழ்நாட்டில் கறுப்பு நிலக்கரி கிடையாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி உண்டு. வெட்டியெடுக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். அதைத் தொலைவுக்கு அனுப்புவது தண்ணீரைச் சுமந்து செல்வதற்குச் சமம். எனவே சுரங்கத்தின் வாயிலிலேயே மின் நிலையத்தைக் கட்டினார்கள். சோவியத் நாட்டின் உதவியுடன் அமைந்த முதல் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1962இல் இயங்கத் தொடங்கியது. 600 மெகாவாட் திறனுக்கு வளர்ந்த அந்நிலையம் 2020இல் ஓய்வுபெற்றது. புதிய அலகுகள் அதன் இடத்தை நிரப்பின.

கறுப்பு நிலக்கரி ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வரவேண்டும். சுரங்கத்திலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் எண்ணூர், தூத்துக்குடி. வட சென்னை, தூத்துக்குடி அனல் மின் நிலையங்கள் கடற்கரையில் நிற்பதற்கு இது ஒரு காரணம். நீராவியைக் குளிர்விக்கக் கடல்நீர் கிடைப்பது மற்றொரு காரணம். மேட்டூர் அனல் மின் நிலையம் மட்டும் உள்நாட்டில் இருப்பதால், நிலக்கரி மீண்டும் ரயில் ஏறி அங்கே போகிறது.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் இந்திய நிலக்கரி தேவை. 210 மெகாவாட் அலகு ஒரு நாள் முழுதும் ஓட 3,500 டன் வேண்டும். கிட்டத்தட்ட ஒரு முழு சரக்கு ரயில்! நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாம்பல். அப்படியானால் அந்த ஓர் அலகிலிருந்து மட்டும் நாள்தோறும் ஆயிரம் டன்னுக்கு மேல் சாம்பல் வெளிவருகிறது. புகைபோக்கியில் வடிகட்டிகள் அதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். தப்பிப் பறக்கும் சிறு பகுதியும், குவித்து வைத்த இடத்திலிருந்து காற்றில் கிளம்பும் தூசும் சுற்றுப்புறத்தில் படிகின்றன. வெப்ப ஆற்றலிலும் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சிய அளவுதான் மின்சாரமாகிறது. மீதி கடலுக்கும் காற்றுக்கும் போய்விடுகிறது. கரியமில வாயு தனிக் கணக்கு.

இத்தனை குறைகளையும் பொறுத்துக்கொள்வது ஏன்? வெயிலோ மழையோ, பகலோ இரவோ, நிலக்கரி இருக்கும்வரை அது ஓடும். ஆனால் அதனிடம் சுறுசுறுப்பு இல்லை. குளிர்ந்து கிடக்கும் கொதிகலனைச் சூடேற்றி மின்சாரம் எடுக்கப் பல மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் கனத்த உலோகச் சுவர்கள் சீரின்றி விரிந்து பழுதாகும். ஓடும் அலகின் உற்பத்தியை ஓரளவுக்குக் கீழே குறைக்கவும் முடியாது, தீயே நிலைகொள்ளாது.

அணு: அசையாமல் நிற்பது

ஒரு கிராம் யுரேனியம்-235 முழுதும் பிளவுற்றால் ஏறத்தாழ 23,000 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் வெளிப்படும். கல்பாக்கத்தில் இந்தியப் பொறியாளர்களே வடிவமைத்துக் கட்டிய இரு உலைகள் 1984, 1986ஆம் ஆண்டுகளில் இயங்கத் தொடங்கின. கூடங்குளத்தில் ரஷ்ய உதவியுடன் அமைந்த 1,000 மெகாவாட் உலைகள் இரண்டும் 2013, 2016இல் தொகுப்பில் இணைந்தன. அந்த மின்சாரம் அண்டை மாநிலங்களுக்கும் பங்கிடப்படுகிறது. அணு உலையை ஏற்றி இறக்குவதைவிட ஒரே அளவில் ஓட விடுவதே வழக்கம். அடிப்படைப் பளுவைத் தாங்கும் தூண் அது.

காற்றும் கதிரும்: தாமாக வருபவை

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மதில் போல் நிற்கிறது. அந்த மதிலில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய இடங்களில் வாயில்கள் இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கணவாய்களில் புகும்போது நெருக்குண்டு வேகம் கொள்கிறது. 1986இல் தூத்துக்குடி அருகே 55 கிலோவாட் காற்றாலைகளுடன் தொடங்கிய முயற்சி, பின்னர் முப்பந்தல் முதல் உடுமலை வரை பரவியது.

காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் முப்படிக்கேற்ப மாறும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்கு. எனவே மே முதல் செப்டம்பர் வரை வாரி வழங்கும் காற்றாலை, பருவம் முடிந்ததும் ஏறக்குறையக் கையை விரித்துவிடுகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 2012இல் முதுநிலை மாணவனாக இருந்தேன். மாநிலத்தில் மின்பற்றாக்குறை கடுமையாக இருந்த காலம் அது. காற்று வீசிய மாதங்களில் ஒருவாறு சமாளித்தோம். அக்டோபரில் காற்று நின்றதும் பல மாவட்டங்களில் நாளில் பாதிக்கும் மேல் மின்சாரம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனையைத் தொடங்குவோம். அளவீடுகள் பாதி எடுத்ததும் மின்சாரம் போகும். வெப்பமானியில் ஏறிய சூடு எங்கள் கண்ணெதிரே இறங்கும். மறுநாள் முதலிலிருந்து தொடங்குவோம். பெருமளவில் மின்சாரத்தை வெளி மாநிலங்களிலிருந்து கொண்டுவரப் போதிய மின்பாதையும் அன்று இருக்கவில்லை.

அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வேறுபாடு சூரிய மின்சாரம். கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2016இல் எழுந்தது. அதன் பிறகு வளர்ச்சி வேகமானது. கோடை நண்பகலில் குளிர்சாதனங்களும் வயல் மோட்டார்களும் கேட்கும் மின்சாரத்தில் நல்ல பங்கைக் கதிரவன் கொடுத்துவிடுகிறான்.

மாலை ஆறரை மணி

இனி பளு அனுப்பு மையத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி மாதம், காற்று இல்லை. நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகுகிறது. அனல் நிலையங்களை முடிந்தமட்டும் தணிக்கிறீர்கள். நான்கு மணிக்குக் கதிரவன் சாயத் தொடங்குகிறான். ஆறரைக்குச் சூரிய நிலையங்களின் உற்பத்தி சுழி. அதே ஆறரைக்குத்தான் வீடுகளிலும் கடைகளிலும் தெருக்களிலும் விளக்குகள் எரிகின்றன. இரண்டு மணி நேரத்துக்குள் பல ஆயிரம் மெகாவாட்டை வேறெங்கிருந்தோ எழுப்ப வேண்டும். நீர்மின் அடைப்புகளைத் திறக்கிறீர்கள். எரிவாயுச் சுழலிகளை இயக்குகிறீர்கள். வெளியிலிருந்து விலை கொடுத்து வாங்குகிறீர்கள். இவை யாவும் போதாதபோது, பகலெல்லாம் தணிந்து ஓடிக்கொண்டிருந்த நிலக்கரி அலகுகளை உயர்த்துகிறீர்கள். அவற்றைக் காலையிலேயே அணைத்திருந்தால் மாலைக்குள் எழுப்ப முடியுமா? முடியாது. மாலைக்காகவே அவை பகலிலும் எரிகின்றன.

மாணவியின் கணக்கு தவறிய இடம் இதுதான். அவள் மெகாவாட்டைக் கூட்டினாள். நேரத்தைக் கூட்ட மறந்தாள்.

மலைமேல் ஒரு சேமிப்பு

அப்படியானால் நண்பகல் மின்சாரத்தை மாலைக்குக் கொண்டு போக வழியே இல்லையா? உண்டு. ஆனைமலையில் காடம்பாறை என்னும் இடத்தில் மலையைக் குடைந்து அமைத்த 400 மெகாவாட் நிலையம் 1980களின் இறுதியிலிருந்து இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் வேளையில் கீழ்த் தேக்கத்தின் நீரை மேல் அணைக்கு ஏற்றுகிறார்கள். தேவை கூடும்போது அதே நீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்றும் மோட்டாரும் இறக்கத்தில் இயங்கும் மின்னாக்கியும் ஒரே பொறி. சுழலும் திசை மட்டும் மாறும். 100 யூனிட் செலவிட்டால் 75 அளவில் திரும்பக் கிடைக்கும். கால் பங்கு நட்டமென்றாலும், பயனின்றிப் போகவிருந்த மின்சாரம் மாலையில் கைகொடுக்கிறது.

இது எவ்வளவு தாங்கும்? மாலை நான்கு மணி நேரத்துக்கு 15,000 மெகாவாட் வேண்டும் என்று கணக்குக்காகக் கொள்வோம். அது 6 கோடி யூனிட். காடம்பாறை நான்கு மணி நேரத்தில் தருவது 16 லட்சம் யூனிட். முழுத் தேவையையும் இப்படியே நிறைவேற்ற ஏறக்குறைய 38 காடம்பாறைகள் வேண்டும்! மலையில் அத்தனை இடங்கள் கிடைப்பது அரிது. குந்தாவில் இதே வகையில் 500 மெகாவாட் திட்டம் மேற்கொள்ளப்பட்டுள்ளது. பெரிய மின்கல அடுக்குகளும் களத்துக்கு வந்துவிட்டன. அவற்றின் விலை ஆண்டுக்காண்டு இறங்கி வருகிறது. சேமிப்பு ஒவ்வொரு படி ஏறும்போதும் நிலக்கரி ஒரு படி இறங்கலாம்.

மறுநாள் வகுப்பில் இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். மாணவி சற்று நேரம் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்படியென்றால் சார், எங்கள் வீட்டு மோட்டாரை மாலை ஏழு மணிக்குப் போடுவதற்குப் பதில் நண்பகலில் போட்டால், தண்ணீர்த் தொட்டியும் ஒரு சின்னக் காடம்பாறைதானே?"

ஆம். வீட்டு மோட்டார் ஒரு குதிரைத்திறன், அதாவது முக்கால் கிலோவாட். ஒரு லட்சம் வீடுகள் அந்த நேரத்தை மாற்றினால், ஒரே வேளையில் ஓடும் கணக்கில் 75 மெகாவாட் மாலையிலிருந்து நண்பகலுக்குப் போகும். மாவு அரைப்பதையும் துணி தேய்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு மீட்டரை நாளை காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பத்து ஆகிய நான்கு வேளைகளில் பார்த்து எழுதுங்கள். எந்த இடைவெளியில் எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது, அதில் எதை நண்பகலுக்கு நகர்த்தலாம் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.